சிட்டி ஐ-விடெக்ல ஏன் அந்த வேகப் பாய்ச்சல் தெரியல? வால்வு லிஃப்ட் டெக்னாலஜி வளர்ந்த கதை

உங்க கேள்விய ஒரு தடவ சுருக்கி எழுதிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல. உங்ககிட்ட 2010 மாடல் ஹோண்டா சிட்டி ஐ-விடெக் இருக்கு, வீடியோல பாக்கற பழைய ஹோண்டாலாம் 5500 ஆர்பிஎம் தாண்டுனதும் சத்தமே மாறி பிச்சுகிட்டு போகுது, உங்க வண்டில அப்படி ஒண்ணும் தெரியல, அப்போ விடெக் வேலை செய்யலயா, மாருதில விவிடினு போட்டிருக்கறதும் இதும் ஒண்ணுதானா, பிஎம்டபிள்யூ வால்வ்ட்ரானிக், ஃபியட் மல்டிஏர் எல்லாம் எங்க வருது, டர்போவும் ஹைப்ரிடும் வந்த பிறகு இதுக்கெல்லாம் இனி வேலை இருக்கா. இதான கேட்டிருந்தீங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க வண்டில அந்த பாய்ச்சல் தெரியாததே ஒரு கோளாறு இல்ல. விடெக்ங்கறது வால்வு திறக்கற அளவ மாத்தற ஹோண்டாவோட முறை, அந்த ஒரே பேருக்குள்ள ரெண்டு வேற வேற நோக்கம் இருக்கு. ஒண்ணு, ஹை ஆர்பிஎம்ல இன்ஜின் இன்னும் நிறைய காத்து இழுக்கணும்ங்கறது. இன்னொண்ணு, லோ ஆர்பிஎம்ல கொஞ்சமா இழுக்கற காத்த வீணடிக்காம இழுக்கணும்ங்கறது. வால்வு லிஃப்ட் டெக்னாலஜியோட மொத்த வரலாறுமே மொதல் நோக்கத்துல இருந்து ரெண்டாவது நோக்கத்துக்கு நகர்ந்து வந்த கதைதான், இத புடிச்சுகிட்டா மத்த பேரெல்லாம் தானா அதது எடத்துல போய் உக்காந்துக்கும். உங்க சிட்டி பெரும்பாலும் ரெண்டாவது வம்சம்.

சரி, லிஃப்ட்னா என்ன. வால்வுங்கள திறக்கறதுக்குனு சுத்தற தண்டு கேம்ஷாஃப்ட், அது மேல முட்டை மாதிரி ஒரு மேடு இருக்கும்ல, கேம் லோப்னு சொல்லுவோம், அது சுத்தி வந்து வால்வ கீழ அமுக்குது, எத்தன மி.மீ அமுக்குதோ அதான் லிஃப்ட். எப்போ திறக்குது எப்போ மூடுதுங்கறது டைமிங். எவ்ளோ நேரம் திறந்தே இருக்குங்கறது ட்யூரேஷன். மாருதில விவிடினு போட்டிருக்காங்களே, அதுல மாறுறது டைமிங் மட்டும்தான். கேம்ஷாஃப்ட் முனையில இருக்கற ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள ஆயில் பிரஷர் குடுத்து கேம்ஷாஃப்ட்ட கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ திருப்புவாங்க, மேட்டோட உயரம் அப்படியேதான் இருக்கும். கதவு 8 மணிக்கு திறக்கறதா 9 மணிக்கு திறக்கறதாங்கறது விவிடி, முழுசா திறக்கறதா ஒருக்களிச்சு வெக்கறதாங்கறது லிஃப்ட். ரெண்டும் வேற. ரொம்ப பேரு இத ஒண்ணா போட்டு கொழப்பிக்கறாங்க, ஷோரூம்ல சொல்றவங்களும் சேத்துதான்.

லிஃப்ட்ட ஏன் மாத்தணும்? இங்க ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க, எனக்கு இந்த கணக்குதான் மொதல்ல கண்ண திறந்து விட்டுது. இன்ஜின் 800 ஆர்பிஎம்ல ஐட்லிங்ல இருக்கும்போது பிஸ்டன் மேல இருந்து கீழ வர எடுத்துக்கற நேரம் கிட்டத்தட்ட 37 மில்லி செகண்ட். அதே இன்ஜின் 6000 ஆர்பிஎம்ல ஓடும்போது 5 மில்லி செகண்ட்தான். அந்த அஞ்சு மில்லி செகண்டுக்குள்ள சிலிண்டர் முழுசா காத்து நெறஞ்சாகணும், காத்துக்கும் எடை இருக்கு, அது நின்ன எடத்துல இருந்து கெளம்பி உள்ள ஓடி வரணும், கதவு மூடற நேரத்துலயும் உள்ள வந்துகிட்டேதான் இருக்கும். அதனால ஹை ஆர்பிஎம்முக்கு வால்வு சீக்கிரமே திறக்கணும், லேட்டா மூடணும், நல்லா ஆழமா திறக்கணும்.

எவ்ளோ ஆழம்? வால்வு விட்டத்துல கால் பங்கு இறங்குனாதான் அத சுத்தி இருக்கற இடைவெளி, வால்வு வாய் அளவுக்கு சமமாகும். 32 மி.மீ வால்வுன்னா 8 மி.மீ. நடைமுறைல அதுக்கு மேலயும் இறக்குவாங்க, ஏன்னா வால்வு உச்சத்துல இருக்கறது ஒரு கணம்தான், முக்காவாசி நேரம் ஏறிகிட்டோ இறங்கிகிட்டோதான் இருக்கும். ஆனா லிஃப்ட்ட மட்டும் தனியா ஏத்திட முடியாது, மேடு உயரமாவும் குறுகலாவும் இருந்தா வால்வு வெடுக்குனு கீழ போய் வெடுக்குனு மேல வரணும், ஸ்பிரிங்கால அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம வால்வு கேம்ம விட்டு அந்தரத்துல மிதக்க ஆரம்பிச்சுடும், பிஸ்டன்ல போய் இடிச்சா கதை முடிஞ்சுது. அதனால உயரமான மேடுன்னா அகலமாவும்தான் இருந்தாகணும். அகலம்னா ட்யூரேஷன் ஜாஸ்தி, புகைய வெளிய விடற எக்ஸாஸ்ட் வால்வு மூடறதுக்குள்ள காத்த உள்ள விடற இன்டேக் வால்வு திறந்துடும், ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கும். ஹை ஆர்பிஎம்ல அது நல்லது, வெளிய போற புகையே புது காத்த உள்ள இழுத்து விடும். ஆனா ஐட்லிங்ல அதே புகை இன்டேக் பக்கம் திரும்பி வந்துரும், இன்ஜின் நடுங்கும், ஏசி போட்டா ஆஃப் ஆயிடும், மைலேஜும் போச்சு, புகை டெஸ்ட்லயும் தேறாது. ரேஸ் கேம் போட்ட வண்டி சிக்னல்ல நிக்கும்போது தடதடனு குலுங்கறத பாத்திருப்பீங்களே, காரணம் இதான்.

ஆக ஒரே மேட்டுல எல்லாத்தையும் சமாளிக்கணும்னா நடுவுல எங்கயோ ஒரு சமரசம் பண்ணிக்க வேண்டியதுதான். நூறு வருஷமா அப்படித்தான் ஓட்டிகிட்டு இருந்தாங்க. இதுல ஆச்சரியம் என்னன்னா நீராவி ரயில் இன்ஜின்ல 1840கள்லயே இதுக்கு வழி கண்டுபுடிச்சிருந்தாங்க, டிரைவர் ஒரு லீவர தள்ளி வால்வோட அசைவையே குறைச்சு கூட்டுவாரு, கெளம்பும்போது நீளமா, வேகம் வந்த பிறகு சின்னதா, நீராவியும் மிச்சம் நிலக்கரியும் மிச்சம். ஆனா அங்க சக்கரம் சுத்தற வேகம் எங்க, காரோட 6000 ஆர்பிஎம் எங்க. கார்ல டைமிங் மாத்தறத மொதல்ல விற்பனைக்கு கொண்டுவந்தது ஆல்ஃபா ரோமியோ, 1980ல அமெரிக்காவுக்கு அனுப்புன ஸ்பைடர்ல, அதும் அங்க இருக்கற புகை சட்டத்துக்காக. அதுக்கு அடுத்த வருஷமே கேடிலாக் ஒரு வி8 இன்ஜின்ல வால்வுங்கள மூடி வெச்சு எட்டு, ஆறு, நாலு சிலிண்டர்னு மாத்தி ஓட்ட முயற்சி பண்ணுச்சு, யோசனை அருமையான யோசனை, ஆனா அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அவ்ளோ வேகம் பத்தல, பெரும்பாலான மாடல்ல ஒரு வருஷத்துலயே எடுத்துட்டாங்க. பின்னாடி அதே யோசனை திரும்பி வந்துச்சு, அத கடைசில சொல்றேன்.

இப்போ ஹோண்டா. ஆரம்பம் கார் இல்ல, பைக். 1983 கடைசில வந்த சிபிஆர்400எஃப்ல ஆர்இவினு ஒண்ணு வெச்சாங்க, லோ ஆர்பிஎம்ல ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வால்வுதான் வேலை செய்யும், ஹை ஆர்பிஎம் போனா நாலும் வேலை செய்யும். ஆயில் பிரஷர்ல ஒரு பின்ன தள்ளி ராக்கர் ஆர்ம்ம, அதாவது கேமோட அசைவ வால்வுக்கு கொண்டு போற லீவர, பூட்டறதுங்கற சூட்சுமம் அங்கயே வந்துடுச்சு. அத கார்ல எப்படி கொண்டு வரதுனு மண்டைய ஒடச்சுகிட்டது இகுவோ கஜிதானிங்கற இன்ஜினியரும் அவரோட குழுவும். அப்போ சாதாரண 1.6 லிட்டர் கார் இன்ஜின்ல லிட்டருக்கு 70, 80 குதிரைத்திறன் வந்தாலே நல்ல இன்ஜின்னு சொல்ற காலம். அப்போ ஹோண்டா ஆராய்ச்சிப் பிரிவு தலைவரா இருந்த நோபுஹிகோ கவாமோட்டோ லிட்டருக்கு நூறு போடலாமேனு தூண்டி விட்டாரு. ரேஸ் இன்ஜின்ல நூறு வரும், ஆனா ஆஃபீஸ் போய் வர வண்டில, அதும் வாரண்டி குடுத்து வித்தாகணும். 1989 ஏப்ரல்ல இன்டெக்ரா வந்துச்சு, பி16ஏ இன்ஜின், 1.6 லிட்டர், 160 பிஎஸ் (பிஎஸ்ஸும் குதிரைத்திறன்தான்), 7600 ஆர்பிஎம்ல. டர்போ கெடையாது. நூறு அடிச்சுட்டாங்க.

அது எப்படி வேலை செய்யுதுனு படிச்சு புரிஞ்சுக்கறத விட டேப்பெட் கவர, அதாவது இன்ஜின் மேல் மூடிய, கழட்டி பாத்தா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும். நான் மொதல்ல பாத்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு இன்டேக் வால்வு, ஆனா மேல மூணு ராக்கர் ஆர்ம் ஒட்டி ஒட்டி நிக்குது, அதுக்கு மேல மூணு மேடு, ஓரத்துல ரெண்டும் சின்னது, நடுவுல ஒண்ணு நல்லா தலை தூக்கிகிட்டு நிக்குது. நடு ராக்கருக்கு கீழ வால்வே இல்ல, ஒரு ஸ்பிரிங்தான் இருக்கு. அந்த சிலிண்டர டாப்ல கொண்டு வந்து நிறுத்திட்டு நடு ராக்கர கட்டை விரலால அமுக்குனா அது மட்டும் தனியா மெத்துனு கீழ போய் மேல வரும், பக்கத்துல இருக்கற ரெண்டும் அசையாது. அதாவது சாதாரண ஓட்டத்துல பெரிய மேடு சும்மா அந்த நடு ராக்கர ஆட்டிகிட்டே இருக்கு, வால்வுக்கு அதோட சம்பந்தமே இல்ல, வால்வுங்கள சின்ன மேடு ரெண்டும் பாத்துக்குது. அப்புறம் ஆயில் போற ஓட்டைல காம்ப்ரசர் காத்து குடுத்து பாக்கணும், ராக்கருங்க உள்ள இருக்கற பின் சின்னதா ஒரு சத்தத்தோட நகரும், இப்போ நடு ராக்கர எவ்ளோ அமுக்குனாலும் அசையாது, மூணும் ஒரே கட்டையாயிடுச்சு. அவ்ளோதான் விடெக். மூணும் ஒண்ணா பூட்டிகிட்டா எது உயரமோ அது சொல்றபடிதான் எல்லாரும் ஆடணும், பெரிய மேடு ரெண்டு வால்வையும் ஆழமா தள்ளுது.

வண்டில காம்ப்ரசர் காத்துக்கு பதிலா இன்ஜின் ஆயில். ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு, வண்டி வேகம் இதெல்லாம் பாத்து கம்ப்யூட்டர் ஒரு சோலனாய்ட, அதாவது கரன்ட்ல திறக்கற ஆயில் வால்வ, திறக்குது, ஆயில் பிரஷர் ராக்கர் ஷாஃப்ட்டுக்குள்ள பாஞ்சு பின்ன தள்ளுது. பின் எப்பவேணா நகர முடியாது, மூணு ராக்கரும் மேட்டுல இல்லாம வட்டமான பகுதில இருக்கும்போதுதான் மூணு ஓட்டையும் நேரா வரும், அந்த கண நேரத்துல பின் நழுவி உள்ள போகணும், அதும் அஞ்சாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல. இத லட்சக்கணக்கான தடவ தப்பாம செய்யணும். நான் இத நெனச்சு பாக்காத நாள் கம்மி, இவ்ளோ நம்பகமான ஒரு பூட்ட வெறும் எண்ணெய வெச்சு பண்ணிருக்காங்களேனு.

வீடியோல நீங்க கேட்ட சத்தம் இதான், இன்டேக்ல காத்து போற அளவு திடீர்னு கூடுது, அதான் தொண்டைய கிழிக்கற மாதிரி கேக்குது. இதோட உச்சம்னா 1999 எஸ்2000தான், 2.0 லிட்டர், 250 பிஎஸ், ரெட்லைன், அதாவது உச்ச வரம்பு, 9000 ஆர்பிஎம். டர்போ இல்லாம லிட்டருக்கு 125. இன்னிக்கும் ஒரு ரோடு கார்ல அது பெரிய சாதனைதான்.

இத பாத்து மத்த ஜப்பான் கம்பெனிங்க சும்மா இருப்பாங்களா. மிட்சுபிஷி 1992ல மைவெக், 1.6 லிட்டர்ல 175 பிஎஸ். நிஸ்ஸான் 1997ல நியோ விவிஎல். டொயோட்டா 1999 செலிக்கால விவிடிஎல்-ஐ, யமஹாவோட சேந்து பண்ண 2இசட்இசட் இன்ஜின், ஜப்பான்ல 190 பிஎஸ், கிட்டத்தட்ட 6000 ஆர்பிஎம் தாண்டுனதும் பெரிய மேட்டுக்கு மாறும், லோட்டஸ் எலிஸ்ல போட்டதும் அதே இன்ஜின்தான். ஆரம்ப கால 2இசட்இசட்ல ராக்கர புடிச்சுகிட்டு இருக்கற போல்ட் தேஞ்சு ஆயில் பிரஷர் கசிஞ்சு பெரிய கேம்முக்கு மாறவே மாறாது, அப்புறம் போல்ட்ட மாத்தி சரி பண்ணாங்க. பாருங்க, ஒரு போல்ட். போர்ஷே வேற வழில போனாங்க, 2000 வாக்குல வந்த 996 டர்போல ராக்கரே இல்லாம டேப்பெட்டையே ரெண்டு அடுக்கா பண்ணி, உள் டேப்பெட் சின்ன மேட்டுக்கு, வெளி டேப்பெட் பெரிய மேட்டுக்குனு வெச்சு நடுவுல ஒரு பின்னால பூட்டுனாங்க. எல்லாமே சாராம்சத்துல ஒண்ணுதான், ரெண்டு மேடு, நடுவுல ஒரு பூட்டு. நம்ம ஊர்ல பைக் ஓட்டறவங்களுக்கு சொல்லணும்னா 2018ல வந்த யமஹா ஆர்15 வி3ல விவிஏனு இருக்கே, 7400 ஆர்பிஎம்ல இன்டேக் கேம் மாறும், அதும் இதே குடும்பம், 155 சிசில. அத ஓட்டி பாத்தவங்களுக்கு நான் சொல்ற பாய்ச்சல் உடம்புலயே தெரிஞ்சிருக்கும்.

இதுல யாரும் அவ்ளோவா பேசாத ஒண்ணு இருக்கு, உங்க கேள்விக்கு பதில் அதுலதான் இருக்கு. 1991லயே ஹோண்டா விடெக்-இனு ஒண்ணு சிவிக்ல கொண்டு வந்துச்சு. பவருக்காக இல்ல, மைலேஜுக்காக. லோ ஆர்பிஎம்ல ரெண்டு இன்டேக் வால்வுல ஒண்ணு மட்டும் ஒழுங்கா திறக்கும், இன்னொண்ணு ஒரு மி.மீ கூட திறக்காது. சுத்தமா மூடியே வெச்சா அதுக்கு பின்னாடி பெட்ரோல் தேங்கிடும், அதுக்காக மயிரிழை அளவு திறக்கறது. ஒரு பக்கத்துல இருந்து மட்டும் காத்து வரதால சிலிண்டருக்குள்ள சுழி மாதிரி சுத்திகிட்டே இறங்கும், பெட்ரோல் நல்லா கலக்கும், கம்மி பெட்ரோல்லயே எரிஞ்சுடும். 1995ல ரெண்டையும் சேத்து மூணு கட்ட விடெக்னும் ஒண்ணு பண்ணாங்க.

2000ல இந்தியால வந்த சிட்டி 1.5 விடெக், 106 குதிரைத்திறன், இன்னிக்கும் அத வித்துட்டு வருத்தப்படறவங்கள எனக்கு தெரியும், அது மொதல் வம்சத்து குணம் உள்ள இன்ஜின். உங்க 2010 சிட்டில இருக்கற 1.5 ஐ-விடெக் 118 பிஎஸ், பவர் அத விட ஜாஸ்திதான், ஆனா அதோட விடெக் வேலை செய்யற விதம் விடெக்-இ மாதிரி. லோ ஆர்பிஎம்ல ஒரு இன்டேக் வால்வ கிட்டத்தட்ட ஓய்வுல வெச்சுட்டு சுழிய உண்டாக்கறது, ஆர்பிஎம் ஏறுனதும் அதையும் சேத்துக்கறது. ரேஸ் கேம்முக்கு தாவறதுனு ஒண்ணு அதுல கெடையாது, மாறுறதும் சீக்கிரமே மாறிடும், நீங்க ஊருக்குள்ள ஓவர்டேக் பண்ணும்போதே மாறி முடிஞ்சிருக்கும், உங்களுக்கு தெரியாது. தெரியக்கூடாதுனுதான் அப்படி பண்ணியிருக்காங்க.

இப்போ கதைல பெரிய திருப்பம், பிஎம்டபிள்யூ. இத புரிஞ்சுக்க ஒரு சிரிஞ்ச் எடுத்து அதோட வாய விரலால அடைச்சுகிட்டு பின்னாடி இழுத்து பாருங்க. கை வலிக்கும். பெட்ரோல் இன்ஜின் நாள் முழுக்க இந்த வேலையத்தான் பண்ணுது. நீங்க ஆக்ஸிலரேட்டர லேசா மிதிச்சு ஊருக்குள்ள ஓட்டும்போது காத்து போற வாசல்ல இருக்கற த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடிதான் இருக்கு, பிஸ்டன் கீழ இறங்கும்போதெல்லாம் அந்த மூடுன வாய் வழியா வெற்றிடத்த எதுத்து இழுக்குது, அதுக்கு செலவாகற சக்தி உங்க பெட்ரோல்ல இருந்துதான் போகுது. டீசல் இன்ஜின் மைலேஜ் ஜாஸ்தி குடுக்கறதுக்கு ஒரு காரணமே அங்க பவர அடக்க காத்த மறிக்கறதில்ல, டீசல மட்டும் குறைப்பாங்க. பெட்ரோலுக்கு காத்தும் எரிபொருளும் ஒரு கணக்குல கலந்தாகணும், அதனால காத்தயும் குறைச்சே ஆகணும். அப்போ த்ராட்டில்ல குறைக்காம வால்வுலயே குறைச்சா என்ன? வாசல்ல கேட்ட பூட்டி வெக்கறதுக்கு பதிலா ரூம் கதவ மட்டும் ஒருக்களிச்சு வெக்கறது.

2001ல பிஎம்டபிள்யூ 316டிஐ காம்பாக்ட்ல, 1.8 லிட்டர் இன்ஜின்ல, வால்வ்ட்ரானிக் வந்துச்சு. ரெண்டு மேடு, மூணு மேடுங்கற கதையே இல்ல. கேம்முக்கும் ராக்கருக்கும் நடுவுல இன்னொரு லீவர் வெச்சாங்க, அந்த லீவரோட மேல் பகுதிய ஒரு தனி ஷாஃப்ட் தள்ளிகிட்டு இருக்கும், அந்த ஷாஃப்ட்ட ஒரு எலக்ட்ரிக் மோட்டார் திருப்பும். ஷாஃப்ட் திரும்பத் திரும்ப லீவர் சாயற கோணம் மாறும், அதே கேம் மேடு அதே அளவு லீவர தள்ளுனாலும் கீழ வால்வுக்கு போய் சேர்ற அசைவு மாறும். கிட்டத்தட்ட 0.3 மி.மீல இருந்து 9.7 மி.மீ வரைக்கும், நடுவுல எங்க வேணா நிறுத்திக்கலாம். ஐட்லிங்ல வால்வு திறக்கறது ஒரு விசிட்டிங் கார்டு தடிமன்தான். அந்த கீத்து வழியா காத்து பயங்கர வேகத்துல சீறிகிட்டு போறதால பெட்ரோல் தூள் தூளா செதறி நல்லா கலந்துடுது, இது போனஸ். நீங்க ஆக்ஸிலரேட்டர மிதிச்சா த்ராட்டில் திறக்கறது இல்ல, அது பெரும்பாலும் திறந்தே கெடக்கு, வால்வு லிஃப்ட்தான் மாறுது. மைலேஜ் 10 சதவீதம் வரைக்கும் மிச்சம்னு பிஎம்டபிள்யூ சொன்னாங்க, பகுதி லோடுல ஓட்டற வரைக்கும் அது நியாயமான கணக்குதான். த்ராட்டில் தகட்ட மட்டும் தூக்கி எறியல, இந்த சிஸ்டம் பழுதானா வண்டி வீடு வந்து சேரணும்ல. இன்னொரு விஷயம், இன்டேக்ல வெற்றிடமே இல்லாம போயிட்டதால பிரேக் பூஸ்டருக்கு தனியா வாக்யூம் பம்ப் வெக்க வேண்டியதாச்சு. ஒண்ண மாத்துனா இன்னொண்ணு மாறும், இன்ஜின்ல எப்பவும் இப்படித்தான்.

ஆனா இந்த கூடுதல் லீவருக்கும் ஸ்பிரிங்குக்கும் எடை இருக்கு, ரொம்ப ஹை ஆர்பிஎம்ல அது பாரம். அதான் பிஎம்டபிள்யூவே தன்னோட எம்3ல, 2007ல வந்த 8400 ஆர்பிஎம் போற வி8ல, வால்வ்ட்ரானிக் போடல, சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில்னு பழைய ரேஸ் முறையிலயே விட்டுட்டாங்க. ஹோண்டா வழி எங்க பலமோ அங்க பிஎம்டபிள்யூ வழி பலவீனம், அதே மாதிரி திருப்பியும். என்ன கேட்டா, தினமும் ஓட்டற வண்டிக்கு பிஎம்டபிள்யூவோட யோசனைதான் பெருசு. ஹோண்டா பண்ணது நம்ம நெஞ்சத் தொடும், ஆனா ஒரு சாதாரண ஆள் வண்டி வாழ்நாள்ல எத்தன நிமிஷம் 5500க்கு மேல ஓடும்? ஊருக்குள்ள ரெண்டாயிரத்துல ஊர்ந்து போற நேரம்தானே அதிகம். அந்த நேரத்துக்கு ஒரு தீர்வு சொன்னது இவங்க. டொயோட்டா 2007ல வால்வ்மேட்டிக், நிஸ்ஸான் அதே வருஷம் விவிஇஎல்னு இதே பாதைல வந்தாங்க, வழி மட்டும் கொஞ்சம் வேற.

ஃபியட் மல்டிஏர் இன்னும் ஒரு படி போச்சு, 2009ல ஆல்ஃபா ரோமியோ மிட்டோல வந்துச்சு. இன்டேக்குக்கு தனி கேம்ஷாஃப்ட்டே இல்ல. எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்ட்லயே கூடுதலா ஒரு மேடு வெச்சு, அது ஒரு சின்ன பம்ப்ப அமுக்கும், பம்ப்புக்கும் வால்வுக்கும் நடுவுல இரும்புக்கு பதிலா ஆயில். ஆயில் எங்கயும் தப்பிக்க முடியாம அடைச்சு வெச்சா அது கம்பி மாதிரி கெட்டியா வால்வ தள்ளும், நடுவுல ஒரு சோலனாய்ட திறந்து விட்டா ஆயில் பக்கவாட்டுல ஓடிடும், கேம் தள்ளுனாலும் வால்வு மூடிக்கும். டாக்டர் பிரஷர் பாக்கும்போது கைல கட்டுற பட்டைய காத்து அடிச்சு இறுக்கி திருகை திறந்து விடுவாரே, அந்த மாதிரி. அதனால கம்ப்யூட்டர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு சுத்துலயும் வால்வ முழுசா திறக்கலாம், லேட்டா திறக்கலாம், சீக்கிரமே மூடலாம், ஒரே சுத்துல ரெண்டு தடவ கூட திறக்கலாம். நம்ம ஊர்ல 2017ல வந்த ஜீப் காம்பஸ் 1.4 பெட்ரோல்ல இருந்தது இந்த மல்டிஏர்தான். இப்படிப்பட்ட இன்ஜின்ல ஆயில்ங்கறது மசகு மட்டும் இல்ல, அதுவே ஒரு ஸ்பேர் பார்ட். புத்தகத்துல சொன்ன கிரேட தவிர வேற எத ஊத்துனாலும் வால்வு அசையற விதமே மாறிப்போகும்.

இத சொல்லும்போது ஒரு வண்டி ஞாபகம் வருது. பழைய செடான் ஒண்ணு, கம்பெனி பேரு வேண்டாம், கேம் மாறுற டைப் இன்ஜின், ஓனர் வந்து 5000க்கு மேல ஏறவே மாட்டேங்குது, பெட்ரோல் பம்ப்பு, ஸ்பார்க் பிளக்கு, இக்னிஷன் காயில் எல்லாம் மாத்தியாச்சு, வேற எடத்துல இன்ஜின் இறக்கணும்னு வேற சொல்லிட்டாங்கனு சொன்னாரு. டிப்ஸ்டிக் எடுத்து பாத்தா நுனில கூட ஆயில் ஒட்டல. சோலனாய்ட கழட்டுனேன், அதுக்கு அடில கேஸ்கட்டோட சேந்து நகம் அளவுல ஒரு வலை இருக்கும், வலையே கண்ணுக்கு தெரியல, கருப்பு களி மாதிரி மூடிகிட்டு இருந்துச்சு. ஆயில் பிரஷர் போனாத்தான பின் நகரும். பிரஷர் ஸ்விட்ச்ல இருந்து பதில் வராததால கம்ப்யூட்டர் இன்ஜின காப்பாத்த ஆர்பிஎம்ம அடக்கி வெச்சிருக்கு. வலைய சுத்தம் பண்ணி, புது கேஸ்கட் போட்டு, ஆயில் மாத்தி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வர சொல்லி திரும்ப ஒரு தடவ மாத்துனோம். கேஸ்கட்ட தவிர ஒரு பார்ட்டும் மாத்தாம சரியாச்சு. இன்ஜின் இறக்கணும்னு யாராவது சொன்னா மொதல்ல அந்த வலைய பாக்க சொல்லுங்க, தயவு செஞ்சு.

ஆடி 2006ல ஏ6 2.8ல கொண்டு வந்த முறை எனக்கு ரொம்ப புடிச்ச ஒண்ணு, ஏன்னா அதுல பூட்டு கிடையாது. கேம்ஷாஃப்ட் மேலயே மேடுங்க இருக்கற துண்டு பக்கவாட்டுல நழுவற மாதிரி, உள்ள பல்லு வெட்டி மாட்டி வெச்சிருக்காங்க. துண்டோட ஓரத்துல திருகு மாதிரி ஒரு பள்ளம். மேல இருந்து ஒரு பின் எறங்கி அந்த பள்ளத்துல உக்காந்தா கேம் சுத்தற வேகமே துண்ட இந்தப் பக்கம் தள்ளிடும், வேற பின் எறங்குனா அந்தப் பக்கம். ஒரே சுத்துல சின்ன மேடு போய் பெரிய மேடு ராக்கர் மேல வந்து நிக்குது. இதே சூட்சுமத்துல ஒரு மேட்ட மேடே இல்லாம வெறும் வட்டமா வெச்சா? வால்வு திறக்கவே திறக்காது. 1981ல கேடிலாக்கால முடியாதத ஃபோக்ஸ்வேகன் 2012ல 1.4 டிஎஸ்ஐல இப்படித்தான் முடிச்சுது, நாலுல நடு ரெண்டு சிலிண்டரோட வால்வுங்கள மூடியே வெச்சுட்டு மிச்ச ரெண்டுல ஓட்டறது. இன்னிக்கு நம்ம ரோட்ல ஓடற ஃபோக்ஸ்வேகன் டைகுன், ஸ்கோடா குஷாக் 1.5 டிஎஸ்ஐல இருக்கறதும் இதான், ஹைவேல லேசா மிதிச்சு போகும்போது டிஸ்ப்ளேல ரெண்டு சிலிண்டர் மோடுனு காட்டும் பாருங்க. லிஃப்ட் பூஜ்யம், அதுவும் ஒரு வேரியபிள் லிஃப்ட்தான.

டர்போ வந்த பிறகு இதுக்கு வேலை இருக்கானு கேட்டிருந்தீங்க. மொதல் நோக்கத்துக்கு, அதாவது ஹை ஆர்பிஎம் பவருக்கு, உண்மையிலயே வேலை கொறஞ்சு போச்சு. டர்போ காத்த அழுத்தி உள்ள தள்ளிடும், 5500 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், 2000லயே டார்க், அதாவது இழுவை, கெடைக்கும், அதுக்கு மேல பெரிய கேம் எதுக்கு. பழைய விடெக் சத்தம் இனி புது வண்டில கேக்கறது கஷ்டம்தான், அதுல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா ரெண்டாவது நோக்கம் டர்போவோட சேந்தும் ஓடுது. பிஎம்டபிள்யூ 2009ல என்55 இன்ஜின்ல டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன், வால்வ்ட்ரானிக் மூணையும் ஒண்ணா வெச்சாங்க, ஏன்னா டர்போ இன்ஜினும் சிக்னல்ல நிக்கும், ஊர்ந்து போகும், அப்போ அதும் மூக்க பொத்திகிட்டுதான் மூச்சு விடுது. ஆடி அந்த நழுவற கேம்ம டர்போ இன்ஜின்ல எக்ஸாஸ்ட் பக்கம் மாத்தி வெச்சு டர்போ சீக்கிரம் சுத்த வெக்கறாங்க.

ஹைப்ரிட்ல கணக்கு வேற. மோட்டார் உதவிக்கு இருக்கறதால இன்ஜின் எப்பவும் அதுக்கு வசதியான ஆர்பிஎம்லயே ஓடலாம், அதனால பல ஹைப்ரிட்ல டைமிங்க மட்டும் மாத்தி, இன்டேக் வால்வ ரொம்ப லேட்டா மூடற அட்கின்சன் முறையில சமாளிச்சுடறாங்க, லிஃப்ட் மாத்தற செலவு தேவைப்படல. ஆனா ஹோண்டா 2013 அக்கார்ட் ஹைப்ரிட்ல விடெக்க விடாம வெச்சுது, ஒரு கேம் பவருக்கு, இன்னொரு கேம் அட்கின்சன் முறையில மைலேஜுக்கு. கேம்ஷாஃப்ட்டே இல்லாம ஒவ்வொரு வால்வையும் காத்தாலயும் ஆயிலாலயும் தனித்தனியா திறக்கற ஃப்ரீவால்வ்னு கோனிக்செக்ங்கற ஸ்வீடன் கார் கம்பெனி பக்கத்துல இருந்து ஒண்ணு இருக்கு, 2020ல காட்டுன ஜெமேரா காருக்காக மூணு சிலிண்டர், 2.0 லிட்டர், 600 குதிரைத்திறன்னு சொன்னாங்க. கேக்கவே ஆசையாத்தான் இருக்கு, ஆனா சாதாரண வண்டிக்கு வர அளவுக்கு விலையும் சிக்கலும் எறங்கல, அதுக்குள்ள எலக்ட்ரிக் வண்டி வந்துடுச்சு.

உங்க சிட்டிக்கு திரும்பி வரேன். செக் இன்ஜின் லைட் எரியாம இருந்து, நாலாயிரம் அஞ்சாயிரம் தாண்டி தயங்காம ஏறுனா, விடெக் வேலை செஞ்சுகிட்டுதான் இருக்கு. சந்தேகமா இருந்தா சோலனாய்ட் கழட்டி அந்த வலைய மட்டும் ஒரு தடவ பாக்க சொல்லுங்க, கேஸ்கட் புதுசு போட்டுதான் மாட்டணும், பழசையே திரும்ப போட்டா அங்க ஆயில் கசியும். மேனுவல்ல சொன்ன கிரேட் ஆயிலையே ஊத்துங்க, கெட்டியா இருந்தா நல்லதுனு யாராவது சொன்னா கேக்காதீங்க, காலைல குளிர்ல கெட்டி ஆயில் அந்த சின்ன ஓட்டை வழியா பின்ன போய் தள்ளறதுக்கு நேரமாகும். மாசத்துக்கு ஒரு தடவ டிப்ஸ்டிக் பாருங்க. 2010 வண்டி, ஆயில் கொஞ்சம் குடிக்கற வயசு வந்திருக்கும், கொறஞ்சிருந்தா அன்னிக்கே ஊத்திடுங்க, சர்வீஸ் தேதி வரட்டும்னு விட்டுடாதீங்க.